அம்மா தலையில் வைக்காத பூ

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் எனக்கு ஏழு வயது. மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஊரில் என்னைப்போலச் சந்தோஷமாக இருந்தவர் யாருமில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. மூன்று நாள் முன்னால்தான் அம்மாவுக்குக் குழந்தை இறந்து பிறந்திருந்தது. பார்த்தால் மறக்கமாட்டாள் என்று பெரியவர்கள் அவளுக்குக் காட்டவேயில்லை. அப்பாதான் துணியில் சுற்றிக்கொண்டுபோய்க் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார். மூச்சே விடாத பிள்ளைக்குத் துக்கம் கேட்க யார் வருவார்கள்? அம்மா மட்டும், "யாரு ஜாடைங்க?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். உடனே அப்பா மாட்டைக் கட்ட எழுந்து போய்விடுவார். கட்டியிருக்கிற மாட்டையே எத்தனை தரம்தான் கட்டுவார், பாவம்.

மரம் வெட்டிய மறுநாள் அம்மாவுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. "மல்லிப்பூவ மார்ல வெச்சிக் கட்டுனாத்தான் பால் வத்தும், போய் வாங்கியா" என்று பெரியம்மா அப்பாவை விரட்டினாள். பூ திருக்கோவிலூரிலிருந்து பஸ்ஸில் வருவது. பஸ்ஸுக்கு எங்கே போவது? அப்பா பூந்தோட்டம் தேடி நடந்தார். எனக்கும் ஒரு முழம் தேறும் என்ற நினைப்பில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

மரம் கிடந்த இடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர் எங்களை மறித்தார்.

"இன்னாண்ணே, ஊரே ரோட்ல குந்திக்கினு கீது, நீ எங்க போற?"

"பூ வாங்கணும்."

"பொண்டாட்டிக்கா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"தலையில வெக்க இல்லீங்க. பால் கட்டிக்கினு கீது. கொழந்த தங்கல."

சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. தலைப்பாகைக்காரர் அப்பாவின் கையைப் பிடித்து, சாய்ந்த மரத்தின்மேல் உட்காரவைத்தார். எங்கள் சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூடக் கேட்காததைக் கேட்டார்.

"இன்னா கொழந்தண்ணே? யாரு மாதிரி இருந்துச்சி?"

"பொண்ணு" என்றார் அப்பா. பிறகு என்னைக் காட்டி, "மூக்கு அப்டியே இவ மூக்கு" என்றார். சொன்னதுதான் தாமதம், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அப்பா அழுது நான் பார்த்ததேயில்லை. அத்தனை பேர் நடுவில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதரோ, "அழுதுடுண்ணே, அழுதுடு" என்று முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார். பிறகு தன் வீட்டுக்கு அழைத்துப்போய், மல்லிக்கொடியில் இருந்த பூவையெல்லாம் ஒன்று விடாமல் பறித்து அப்பாவின் துண்டில் கட்டிக்கொடுத்தார்.

அத்தனை பூவையும் அம்மா மாரோடு வைத்துக் கட்டிக்கொண்டாள். தலையில் ஒன்றுகூட வைக்கவில்லை. எனக்கும் தரவில்லை. நான் கோபித்துக்கொண்டு மூலையில் போய்ப் படுத்தேன். அப்பா அன்றைக்கு மாட்டைக் கட்டப் போகவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அம்மா என்னை அணைத்துப் படுத்துக்கொண்டு மூக்கையே தடவுவாள். "கூசுதும்மா, வுடு" என்று கையைத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தக் கை யாரைத் தடவியது என்று ஏழு வயதில் எனக்கு எங்கே தெரிந்தது? தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.