பெயர் கட்டாயம்

என் மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சாதாரண நாட்களில் 'இந்தாங்க', கோபமென்றால் 'உங்களைத்தான்'. இரண்டுக்கும் இருபது வருடங்களாகத் திரும்பிப் பார்த்து வருகிறேன். அப்படிப்பட்டவன்தான், காணாமல் போனவர்களைத் தேடும் செயலியில் பெயரைத் தட்டாமல் அடுத்த பக்கம் போகவே கூடாது என்று அடம்பிடித்தேன்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் முகாம். திருவிழாக் கூட்டத்தில் நகரம் படும் பாட்டுக்கு மக்களே தீர்வு கண்டுபிடிக்க வேண்டுமாம். குப்பைக்கு ஒரு குழு, செருப்புக்கு ஒரு குழு. கூட்டத்தில் தவறிப்போகிறவர்களுக்கு எங்கள் குழு: ஐ.டி.யில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், ஆலோசகராக நான். நாலு புத்தகம் படித்தவன் என்பது என் தகுதி. பெயர்க் கட்டத்தில் 'கட்டாயம்' என்று காட்டும் சிவப்பு நட்சத்திரம் என் பங்களிப்பு. "பெயர்தான் மனிதனின் முகவரி" என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். கைதட்டினார்கள். ஆவடிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலில், ஆடித் தீமிதியன்று, செயலியை ஓட்டிப் பார்க்க ஒரு டெண்ட்டும் கொடுத்தார்கள்.

முதலில் வந்தவர் ஓர் அம்மாள். புருஷனைக் காணோம். தீ மிதிக்க விரதம், காலையிலிருந்து பட்டினி. போன வாரம்தான் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவராம். அவர் வாயில் போடவேண்டிய சர்க்கரை அம்மாளின் முந்தானை முடிச்சில் இருந்தது. எதிரே தீக்குழியில் நெருப்புக் கங்குகளைப் பரப்ப ஆரம்பித்திருந்தார்கள்.

"அவர் பேர் சொல்லுங்கம்மா," என்றாள் பெண்களில் ஒருத்தி.

"ஐயே, அத்த எப்டிமா என் வாயால சொல்லுவேன்?"

"அவசரம்மா. பேர் போட்டாதான் அடுத்த பக்கம் போகும்."

"அதாம்மா... மல மேல கீறாரே. மயிலு வெச்சிகினு."

ஒலிபெருக்கியில் முருகனை அழைத்தோம். நாலு முருகன்கள் வந்தார்கள். நால்வரையும் பார்த்து அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். "சாமி அதான். பேரு வேற."

அந்தச் சாமிக்கு எத்தனை பெயர் என்று நான் படித்திருக்கிறேன். வேலு, தண்டபாணி, சுப்பிரமணி என்று அடுக்கிக்கொண்டே போனேன். அம்மாள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்து அழுதார். என்ன உடை என்று கேட்டதற்கு மஞ்சள் வேட்டி என்றார். மைதானத்தில் மஞ்சள் வேட்டி கட்டாத ஆண் அநேகமாக நான் ஒருவன்தான்.

மைக் செட்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "நவுரு சார். பேர வெச்சிகினு நாக்கு வழிக்கவா? எந்தூரும்மா நீ?"

"பருத்திப்பட்டு, ஏரிக்கர."

அவர் மைக்கை வாயருகே பிடித்தார். "யோவ், பருத்திப்பட்டு ஏரிக்கர பெருசு! ஐஸ் வண்டி பின்னால டெண்ட்டுல உன் சம்சாரம் சக்கர முடிச்சோட அய்துகினு கீது. நெருப்புல எறங்காத, ஓடியா!"

கூட்டம் சிரித்தது. ஐந்து நிமிடத்தில் பெரியவர் தள்ளாடியபடி வந்தார். அம்மாள் முடிச்சை அவிழ்த்து அவர் வாயில் கொட்டினார். "இந்த வருசம் ஆத்தா ஒண்ணும் நெனச்சிக்காது. குந்து," என்றார். அவரும் உட்கார்ந்தார்.

திரையில் பெயர்க் கட்டம் காலியாகவே இருந்தது. அதை மறைத்தாற்போல நின்றுகொண்டு, "கண்டுபிடிச்சிட்டோம் பெரியவரே, இனிமே கவலை இல்லை," என்றேன்.

"நீ எங்க நைனா கண்டுபுட்ச?" என்றார் அவர், உதட்டோரச் சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு. "தொலஞ்சவங்கள தேடிக் குடுக்க ஒரு டெண்ட்டு கீதுன்னு போலீஸ்காரரு சொன்னாரு. அத்தத்தான் ஒரு மணி நேரமா தேடிகினு கீறேன். ஒரு போர்டு மாட்னா இன்னா கொறஞ்சா பூடும்?"