குறுக்கே நிற்கிற வேலை

தானாக ஓடுகிற வண்டிக்கு முன்னால் போய் நிற்பதுதான் என் வேலை. கூச்சக்காரர்களே, நாலு பேர் பார்த்தாலே நமக்குக் கால் பின்னும்; எனக்கு வாய்த்ததோ கேமரா.

சோதனை நாளன்று தூத்துக்குடி உப்பளத்தில் இருந்தவர்கள்: வண்டியைச் செய்த பொறியாளர் சுகன்யா, உப்பள முதலாளி, உப்புச் சுமக்கும் பேச்சியம்மாள், முத்துக்கனி, நான். ஆக ஐந்து. கேமராவில் ஆளைக் கண்டால் வண்டி நிற்க வேண்டும். தவறாமல் நின்றால், இனி உப்புக்கூடை பெண்கள் தலையிலிருந்து வண்டிக்கு மாறும். ஒரு தடவை தவறினாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த நாளுக்கு முன்னால் பட்டதையும் சொல்கிறேன்.

வெள்ளைக்குள் வெள்ளை

முதல் வாரம், உச்சி வெயில். வெள்ளை வேட்டியோடு உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றேன். வண்டி நேராக வந்தது. சுகன்யா கையிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியதால் என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கம்ப்யூட்டரில் பார்த்தால் படம் முழுக்க வெள்ளை; நான் இல்லவே இல்லை. உப்பின் வெளிச்சம் நம் கண்ணைப் போலவே கேமராவையும் கூச வைக்கிறதாம். சுகன்யா உள்ளே புகும் வெளிச்சத்தைக் குறைத்த பிறகுதான் நான் தெரிந்தேன்.

பேச்சியம்மாள் சொன்னாள்: "கல்யாண வீட்டுலயும் அண்ணாச்சி இப்படித்தான். வந்தது ஒருத்தருக்கும் தெரியாது."

தலைக்கு மேல் கூடை

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முகத்தைச் சுற்றித் துண்டு, தலையில் கூடை. முத்துக்கனி இப்படி வந்தபோது வண்டி அவளை ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது படித்த படங்களில் இப்படி ஒருவரும் இல்லை. ஆகவே காலை, மதியம், மாலை என்று இரண்டு பெண்களையும் நடந்தும் குனிந்தும் படம் எடுத்தோம். ஒவ்வொரு படத்திலும் ஆளைச் சுற்றிக் கட்டம் போட்டு, சுகன்யா அதற்குச் சொல்லிக்கொடுத்தார்.

முத்துக்கனி கேட்டாள்: "ஏம்மா, என் கல்யாணத்துலகூட இத்தனை போட்டோ எடுக்கல. ஒண்ணுலயாவது நான் லட்சணமா இருக்கேனா?"

இருபதாவது தடவை

சோதனையில் இருபது ஓட்டம். நான் குவியலுக்கு முன் நின்றேன், உட்கார்ந்தேன். பெண்கள் கூடையோடு குறுக்கே நடந்தார்கள். பத்தொன்பது தடவையும் வண்டி நின்றது. இருபதாவதில் நான் புறப்படுமுன், யாரிடமும் சொல்லாமல் முதலாளியே குடையை விரித்துக்கொண்டு வண்டி வரும் வரப்பில் இறங்கினார். சுகன்யாவின் விரல் பொத்தான் மேல் போயிற்று. அழுத்த வேண்டியிருக்கவில்லை. பத்தடி தள்ளியே வண்டி நின்றது.

முதலாளி குடையை மடக்கினார். "நான் வந்தா வீட்டுல நாய்கூட நிக்காது. இது நிக்குது. இங்கனயே கிடக்கட்டும்."

ஒதுங்கியே பழகிய நான் குறுக்கே நின்று கண்ட பலன் இது: அன்று மாலை உப்பெல்லாம் வண்டியில் போக, வேலையில்லாமல் காலியாகக் கிடந்த இரண்டு கூடைகளையும் கவிழ்த்துப்போட்டு அந்தப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.