நாலாம் வீட்டுப் பெண்ணின் கேள்வி

எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. அதற்கு முன் இருபது வருடம் அட்டையில் துளை போடும் இயந்திரங்களோடு காலம் தள்ளியவன் என்பதால் என்னைப் பயிற்சிக்கு அனுப்பி, புரோகிராம் எழுதுகிறவனாக ஆக்கினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைய வேண்டிய குளிர் அறை. உள்ளே நான்கு திரைகள், ஒரு பெரிய அச்சு இயந்திரம்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஓர் என்ஜினியர் ஒருநாள் ஒரு காந்த நாடாவைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் போட்டார். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். பாழடைந்த மாளிகை ஒன்றின் வாசலில் நீ நிற்கிறாய் என்று திரை சொல்லும். கதவைத் திற என்று நாம் அடித்தால் திறக்கும். அதற்குத் தெரியாத வினைச்சொல்லை அடித்தால், அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடும். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. படிக்கிறவன் கதைக்குள் நடந்துபோக முடியும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இரண்டு நாளில் அந்த மாளிகையில் ஏழுமுறை செத்தேன். மூன்றாம் நாள் நானே ஒன்றை எழுத உட்கார்ந்தேன்.

மாளிகையும் நிலவறையும் நமக்கு எதற்கு? ஆற்றில் போய் முடிகிற ஒரு தெரு, அதில் ஏழு வீடு. எல்லாம் மலையாளச் சீமையில் நான் குடியிருந்த கரமனைத் தெருவின் சாயல்தான். வீட்டுக்கு ஒரு ஆவி. முதல் வீட்டில் பிரம்மராட்சசன், இரண்டாம் வீட்டில் சுண்ணாம்பு கேட்கிற யட்சி, மூன்றாவதில் கிணற்றுக்குள்ளிருந்து எண்ணுகிற குரல். வரைபடத் தாளில் அறைகளைக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்தேன். திற, போ, எடு, ஓடு, விளக்கேற்று. எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். தமிழ்ச் சொல்லையும் மலையாளச் சொல்லையும் சேர்த்தே கொடுத்தேன். ஆட்கள் என்னென்ன அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் சொற்களைக் கூட்டலாமே என்று, அடித்தது முழுவதும், அடித்த நேரத்தோடு, தாளில் அச்சாகும்படி செய்திருந்தேன்.

நாலாம் வீடு மட்டும் அமையவில்லை. எதை வைத்தாலும் சிரிப்பு வந்தது. பக்கத்துத் திரையில் வேலை பார்த்த மலையாளி அம்மாள் ஆடிப் பார்த்துவிட்டு, "சாரே, இது பேயா, விருந்துக்காரியா? காப்பி கொடுத்து அனுப்பலாம் போல இருக்கு" என்றாள்.

அப்போதுதான் அதைச் செய்தேன்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். ஒரே தெரு, ஒரே அலுவலகம், அவன் மாடியில் நிர்வாகப் பிரிவில். எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் அவன் மனைவி ஆற்றுக்குக் குளிக்கப் போனாள், திரும்பவில்லை. ஒரு வருடம் கழித்து, வேலை விட்டு, அலுவலகம் இருந்த தம்பானூரிலிருந்து நடந்து வருகையில், ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று அவன் சொன்னான்.

"முதல் நாள் ஏதோ சண்டை. என்னத்துக்குன்னு கூட இப்ப ஞாபகம் இல்லைடா. கார்த்தால சமையக்கட்டு நிலைப்படியில வந்து நின்னா. கையில சோப்பு டப்பா. போயிட்டு வரட்டுமான்னு கேட்டா. மூணு தரம் கேட்டா. நான் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கல."

கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக் கீழே ஆற்றைப் பார்த்தான்.

"வழுக்கி விழுந்துட்டான்னுதான் எல்லாரும் சொல்றா. நானும் அப்படித்தான் சொல்லிண்டிருக்கேன்" என்றான்.

எங்கள் வீடுகளில் யார் வெளியே கிளம்பினாலும் போயிட்டு வரேன் என்பார்கள். உள்ளே இருக்கிறவர் போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வாங்காமல் யாரும் படி இறங்குவதில்லை. அன்று பாலத்தில் சொன்னதை அவன் வேறு யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம் மட்டும் சொன்னான்.

அதை எடுத்து நாலாம் வீட்டில் வைத்தேன். நிலைப்படியில் ஒரு பெண். கையில் சோப்பு டப்பா. "நான் போயிட்டு வரட்டுமா?" மூன்று முறை கேட்பாள். பேய் கூப்பிட்டால் பதில் பேசக் கூடாது என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை உண்டல்லவா, அதை விதியாக்கினேன். என்ன பதில் சொன்னாலும் ஆற்று நீர் அறைக்குள் ஏறி ஆடுகிறவனை மூழ்கடிக்கும். மூன்று முறையும் எதையும் அடிக்காமல் எண்டர் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் பேசாமல் நின்றால் பிழைக்கலாம்.

மலையாளி அம்மாள் ஆடிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டாள். "என் அம்மே, ரோமமெல்லாம் எழுந்து நின்னுடுச்சு. எங்கேர்ந்து சார் பிடிச்சீங்க இதை?" நான் தலையை ஆட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

என் நண்பன் கம்ப்யூட்டர் அறைக்கு வருகிறவன் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். நான் லீவில் இருந்த ஒரு நாள், உங்கள் சிநேகிதர் எழுதியது, வந்து பாருங்கள் என்று அந்த அம்மாளே சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறாள். மறுநாள் அச்சுத்தாளைப் பார்த்தேன்.

முதல் மூன்று வீட்டில் எல்லாப் புதியவர்களையும் போலத் தடுமாறியிருந்தான். நாலாம் வீட்டில் அவள் முதல்முறை கேட்டதற்கும் அவன் அடித்ததற்கும் நடுவே பதினொரு நிமிடம். பிறகு, "போயிட்டு வா." நீர் ஏறிவிட்டது. மறுபடி ஆரம்பித்து, மற்ற வீடுகளைத் தொடாமல் நேராக நாலாம் வீட்டுக்கே போயிருந்தான். "வா." நீர். "போகாதே." நீர். "இரு, நானும் வரேன்." நீர். ஒன்பது முறை ஆடியிருந்தான். பேசாமல் நின்றால் பிழைக்கலாம் என்று அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்தாளாம். அவன் ஒருமுறைகூடப் பேசாமல் நிற்கவில்லை. கடைசித் தடவை, அவள் கேட்பதற்கு முன்பே அடித்த வரி, "தலையைத் தூக்கு." அதற்குக் கீழே என் புரோகிராம் பதில் சொல்லியிருந்தது: அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நன்னா எழுதியிருக்கே" என்றான். "ஒண்ணு மட்டும் கேக்கணும். பதில் சொல்றவனை ஏன் கொன்னே?"

அந்த இடத்தில் நான் தலை குனிந்திருந்தால் போதும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "பேய்க்கதைன்னா அப்படித்தான். அது உன் ஆத்துக்காரி இல்லைடா. நீயா ஏதாவது நெனச்சுக்காதே."

"சோப்பு டப்பா?"

"குளிக்கப் போறவா எல்லார் கையிலயும் இருக்கும்."

அவன் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தினான். "அப்ப உன் கணக்குப்படி நான் செஞ்சதுதான் சரி. பேசாம இருந்தேன். பொழச்சுட்டேன்" என்றான். டீயைக் குடிக்காமல் எழுந்து போனான்.

அந்த வாரமே மாற்றினேன். போயிட்டு வா என்று சொன்னால் அவள் ஆற்றுக்குப் போய், ஈரத்தலையோடு திரும்பிவந்து, சமையலறைக்குள் போவாள். ஆறே வரிதான். முதலிலேயே எழுதியிருக்கலாம். மாற்றிவிட்டேன், வந்து பார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாடிக்கு அனுப்பினேன். அவன் வரவில்லை. "நாலாம் வீட்டை ஏன் சார் கெடுத்தீங்க? பேடியே இல்லை இப்ப, பயமே வரலை" என்று அந்த அம்மாள் குறைப்பட்டாள். பிறகு எல்லோருக்கும் அலுத்துப்போயிற்று.

தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பான். அவ்வளவுதான். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கக் கிளம்பினான். ஊரை விட்டுப் போகிறவர்கள் வீடு வீடாக ஏறிச் சொல்லிக்கொண்டு போவது எங்கள் தெரு வழக்கம். அன்று காலை எதிர்ச் சாரியில் அவன் குரல் கேட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன், அதற்கு எனக்கு வார்த்தை அமையவில்லை.

பக்கத்து வீட்டில் அவன், "போயிட்டு வரேன்" என்றது சுவர் வழியாகக் கேட்டது. "போயிட்டு வாங்கோ" என்றார்கள். படி இறங்கினான். செருப்புச் சத்தம் என் வாசலுக்கு வந்து, நிற்காமல், அடுத்த வீட்டுப் படியில் ஏறியது.