கால் மைல் கட்டமும் மாமியின் காணியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைபவன். நாவிதன்வெளிப் பக்கத்து நீரேந்துபரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் எழுதி, மாரி வெள்ளம் எங்கே தேங்கும் என்று கணக்கிட வேண்டும். தேங்கும் இடத்துக்கு, வெள்ளம் வடிய மதகு வரும்.

"ஒரு மைல் கட்டம் போதும். நம்மளிட்ட மைலுக்கு ஒரு அளவுதான் இருக்கு" என்றார் எஞ்சினியர். எனக்கு அது கேவலமாகப்பட்டது. கால் மைல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார். ஒரு கட்டம் இருந்த இடத்தில் பதினாறு வந்தன. பதினைந்துக்கு உயரம் கிடையாது.

வயற்காரர்களைக் கேட்டு நிரப்பலாம் என்று போனேன். போனது சிறுபோகக் கூட்டத்துக்கு. கோடைத் தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில் தன் காணி பள்ளம், தண்ணீர் தானாக வரும் என்று சொல்லிப் பங்கை இழக்க யாருக்கு விசர் பிடித்திருக்கிறது? அத்தனை பேரும் மேட்டில்தான் விதைத்திருந்தார்கள். மாரியில் கேட்டிருந்தால் அத்தனையும் பள்ளமாகியிருக்கும்.

மிஞ்சிய கடைசிக் கட்டத்தில் மாமியின் காணி கிடந்தது. மூத்த மகளான என் மனைவிக்கு அவர் சீதனமாகக் கொடுத்த வீட்டில் நான் சுகமாகக் குடியிருந்தேன். இளையவளின் சீதன வீடு பாதியில் நின்றது. அடுத்த மாரியில் விளையும் பெரும்போக நெல்லில் கூரை போட்டால்தான் அவளுக்குக் கலியாணம்.

மாமி சோறு போட்டபடி சொன்னார்: "எங்கட காணி நல்ல மேடு மகன். வாய்க்கால் தண்ணி ஏறவே ஏறாது. வடிவா எழுதுங்க."

முந்திய மாரியில் அதே காணியில் முழங்கால் தண்ணீரில் நின்றவன் நான். ஆனாலும் நல்ல மருமகன். கறியும் நன்றாக இருந்தது. மேடு என்றே எழுதினேன்.

படம் அழகாக வந்தது. அந்தப் பதினாறில் உண்மையில் அளந்த கட்டம் மட்டும் பள்ளமாக நின்றது. ஒரே ஒரு மதகு அங்கே போனது. ஒரு மைல் கட்டமாக இருந்திருந்தால் முழு மைலும் பள்ளமாகி, மாமியின் பக்கமும் ஒரு மதகு வந்திருக்கும்.

மாரியில் மாமியின் காணியில் கதிர் வந்த பயிர் ஏழெட்டு நாள் வடியாத தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. கூரை ஏறவில்லை. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மெல்லக் கழன்றுகொண்டார்கள்.

"எங்கட காணிய மேடெண்டா எழுதினீங்க?" என்று கேட்டார் மாமி.

"நீங்கதானே மாமி சொன்னீங்க."

"ஓம், நான் கோடைத் தண்ணிக்கு ஆசப்பட்டுச் சொன்னன். நீங்க என்னத்துக்கு ஆசப்பட்டு எழுதினீங்க?"

இளையவள் வந்து, வழக்கம்போல எனக்குத்தான் முதலில் தேநீர் வைத்தாள். வெட்கத்தில் என்னால் அதைத் தொட முடியவில்லை.