இமைக்கு ஒரு மடிப்பு

பிள்ளையள், அழகு விற்கிற கடை ஒன்றை நான் உள்ளே போய்ப் பார்த்தனான். அதைவிட மீன்கடை துப்புரவு.

என்னோடு பேக்கரியில் வேலை செய்கிற சீனத்து அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஒரு சனிக்கிழமை அவவையும் மகளையும் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மகள் இங்கே படித்து முடித்துவிட்டு, சீனாவில் ஒரு வேலைக்கு எழுதிப்போட இருந்தாள். விண்ணப்பத்தில் முகப்படமும் ஒட்ட வேணுமாம். கணக்கு எழுதுகிற வேலைக்கு முகம் என்னத்துக்கு? மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பார்ப்பது வயதை அறிய. இவங்கள் இமையைப் பார்த்து எதை அறியப் போறாங்கள்?

ஓம், இமைதான். அவளுடைய இமையில் மடிப்பு இல்லை. கத்தி வைத்து ஒரு மடிப்பு எடுத்தால் கண் பெரிதாய்த் தெரியுமாம். படிப்பு முடித்த பிள்ளைக்குத் தாய் தகப்பன் கொடுக்கிற பரிசாம் அது, எங்கட ஆக்கள் சங்கிலி போடுகிற மாதிரி.

"உமக்கு விருப்பமோ?" என்று காரில் பெட்டையை இங்கிலீசில் கேட்டேன்.

"என்ர சிநேகிதியள் எல்லாரும் செய்திட்டினம், அங்கிள். குரூப் படத்தில நான் மட்டும் நித்திரை கொள்ளுற மாதிரி நிக்கிறன். ஆனால் கத்தி எண்டால் பயம்."

"சின்னக் கீறல்தானே," என்றா தாய். "வேலை கிடைக்காட்டி என்ன செய்வாய்?"

கடையில் இருந்தவள் டொக்டர் இல்லை, வெள்ளைக் கோட்டுப் போட்ட விற்பனைக்காரி. பெட்டையின் முகத்தைப் பெரிய திரையில் போட்டு இமையில் கோடு கீறினாள். பிறகு, ஒருவரும் கேளாமலே மூக்கைத் தூக்கினாள், தாடையைச் சீவினாள். ஒரு குறையோடு வந்த பிள்ளையை ஒரு கூடை குறையோடு அனுப்புவதுதான் உவையின்ர பிழைப்பு. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த விற்பனைக்காரி என்னையும் விடவில்லை.

"சேர், உங்கட கண்ணுக்குக் கீழ பை விழுந்திருக்கு."

"அது நைற் ஷிஃப்ற் தந்த பை. வெட்டுறதெண்டால் முதலாளியின்ர பையை வெட்டும்," என்றேன்.

அவள் சிரித்துவிட்டுத் தாயிடம் திரும்பி, "பிள்ளையின்ர மூக்குத்தான் பெரிய பிரச்சினை. அம்மாவிட்ட இருந்து வந்திருக்கு," என்றாள்.

தாய் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தா. எழும்பினா. "இந்த மூக்கோடதான் இவளை வளர்த்தனான்," என்று சொல்லி மகளின் ஜக்கெற்றை எடுத்துக் கையில் கொடுத்தா. "வா."

அன்று பின்னேரம் அவையின்ர அப்பார்ட்மென்ற் சுவரோரம் அவளை நிறுத்தி, விண்ணப்பத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். சொந்த இமையோடு முழித்துக்கொண்டுதான் நின்றாள்.

வேலைக்கு எழுதிப்போட்ட அந்தச் சீனத்துக் கந்தோரில் இருந்து இன்னும் பதில் இல்லை. பேக்கரியில் தேத்தண்ணி நேரத்தில் தாய் ஃபோனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவா. நான் அந்தக் கந்தோர்க்காரரைத் தமிழில் நல்லாய்த் திட்டுவேன். அவவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் ஓம் ஓம் என்று தலையாட்டுவா.