பேச்சிமுத்து அண்ணன் தண்ணீருக்குத்தான் போனார்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். நம் கிளாஸில் நீங்கள் நாலு பேர் மட்டும் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். காலையில் போடிக்கு இறங்கும் கழுதை லோடோடு, புத்தகத்துக்குள் வைத்து அனுப்புகிறேன்...

பேச்சிமுத்து அண்ணன் செத்துப்போனார்.

துரை பங்களாவில் மீன் பார்த்துக்கொண்டவர். லீவு முடிந்து வரும்போதெல்லாம் உங்களிடம் சொல்வேனே, கண்ணடிக்கும் மீன் என்று... அந்த மீனுக்கு இரை போட்டவர்.

முந்தாநாள் விடியலில் மேலே ஓடைப் பாறையில் கிடந்தார். பக்கத்தில் நனைந்த சாக்கு ஒன்று. எஸ்டேட் முத்திரை போட்ட ஏலக்காய்ச் சாக்கு.

காய் திருடப் போனவன் வழுக்கி விழுந்தான் என்கிறார்கள்.

இல்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் தடவை அப்பாவோடு பங்களாவுக்குப் போனபோது அந்த டாங்க்கைப் பார்த்தேன். நம் ஸ்கூல் பெஞ்சு நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அடியில் மணல், மணலில் விரல் நீள மீன்கள். மீசை உண்டு. உடம்பெல்லாம் தகரத்தை அடுக்கினதுபோலச் செதில்.

"என்னண்ணே இது, அயிரையா?"

"சீமை அயிரை, பாப்பா. கப்பலேறி வந்துருக்கு. நம்மூரு அயிரைன்னா கொழம்பாச்சும் வைக்கலாம். இதுக்கு நான்ல மண்புழுவ நறுக்கிப் பந்தி வைக்கிறேன்!"

அப்போதுதான் ஒரு மீனின் கண் கீழே உருண்டு மறுபடி மேலே வந்தது. மீனுக்கு ஏது இமை? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"கண்ணடிக்குதுண்ணே..."

"ஒன்னயப் பாத்துத்தான் அடிக்குது. என்னயப் பாத்தா மொறைக்கும்."

துரை கொச்சிக்குப் போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பி வருவதற்குள் மீன் முட்டையிட்டால் பங்களா வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி காட்டு வேலை, அட்டைக்கடி.

போன வாரம் துரை வைத்திருந்த மீன் பத்திரிகையிலிருந்து ஒரு தாளை அண்ணன் என்னிடம் நீட்டினார். "நீ இங்கிலீசு படிக்கிறவ. இதுல என்ன போட்டுருக்குன்னு வெரசா சொல்லு, பாப்பா."

எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் குளிர்ந்த புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழை வந்துவிட்டது என்று நினைத்து மீன் முட்டையிடும்.

"மழைன்னு ஏமாத்தணுமாக்கும்? மீனக்கூட ஏமாத்துறாய்ங்களே இந்த வெள்ளக்காரய்ங்க!"

மேல் ஓடைத் தண்ணீர் விடியலுக்கு முன்னால்தான் ரொம்பக் குளிரும் என்று சொன்னது நான். தண்ணீர் எடுத்துவரும் டின்னைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டினால் குளிர்ச்சி போகாது என்று சொன்னதும் நான்.

சாக்கை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்... எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து.

டின் ஓடையோடு போய்விட்டது. சாக்கு கிடந்தது.

இன்று காலையில் கங்காணி வந்து அப்பாவிடம் பேசினார். அப்பா எஸ்டேட் கிளார்க் என்பது உங்களுக்குத் தெரியும்.

"சாக்கு ஒண்ணு போதாதா கிளார்க்கய்யா, வேற சாட்சி எதுக்கு? நாளைக்கித் துரை வந்ததும் ரிப்போட்டக் குடுத்துருங்க. அவன் பொஞ்சாதிய லைன் வீட்ட விட்டு எறக்கிருவோம்."

அப்பா தலை நிமிராமல் ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டே இருந்தார்.

செல்லம்மக்கா கைப்பிள்ளையோடு எங்கே போவார்? திருடன் பெண்டாட்டி என்றால் எந்த எஸ்டேட்டில் சேர்ப்பார்கள்?

நான் வாயைத் திறந்தால் சாக்கு எங்கள் வீட்டுச் சாக்கு. எஸ்டேட் சாக்கு கிளார்க் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். அப்பா வேலை போய்விடும். என்னை இனி ஸ்கூலுக்கு அனுப்பவே மாட்டார்கள்...

மத்தியானம் அப்பாவிடம் இருக்கும் பங்களா சாவியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். மீன் பட்டினி கிடக்குமே என்றுதான். சத்தியமாக அதற்குத்தான்.

ஓடைக்குப் போகிறதற்கு முந்தின சாயங்காலமே அண்ணன் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டார். நானும் கூட இருந்தேன். பாதித் தொட்டிதான் இருக்க வேண்டும்.

விளிம்பு வரை நிறைந்திருந்தது.

கையை விட்டேன். ஓடைத் தண்ணீர்போல எலும்பைக் கடித்தது. சாவி அந்தச் சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. கூரை ஒழுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். ஈரமே இல்லை. தரையும் காய்ந்து கிடந்தது.

கண்ணாடியில் கேழ்வரகு மணிபோல முட்டைகள். ஒரு பெண் மீன் வயிற்றுத் துடுப்பு இரண்டையும் கை கூப்பினதுபோலச் சேர்த்து, அதற்குள் முட்டையை ஏந்திக்கொண்டு மெல்ல மேலே வந்தது. கண்ணாடியில் ஒட்டிவிட்டு இறங்கியது.

பிறகு எல்லா மீனும் கண்ணாடி ஓரத்துக்கு வந்தன. அண்ணன் வந்து நின்றால் வருமே, அதுமாதிரி. எனக்கு அவை ஒருநாளும் வந்ததில்லை.

அவை என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தன. ஒன்றின் கண் கீழே உருண்டு, மேலே வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடி வந்துவிட்டேன். கதவைப் பூட்டினேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

பேச்சிமுத்து அண்ணே... மீன் முட்ட போட்டுருச்சு. நீங்க எதையும் திருடல. போயிட்டு வாங்கண்ணே.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"பாப்பா... நாந்தான் செல்லம்மா. வெளக்கு எரியுறது தெரியுது. அந்தச் சாக்கு எங்க வீட்டுல கெடந்தது இல்ல. ஆரு குடுத்தான்னு ஒனக்குத் தெரியுமா, ஆத்தா?"

அப்பா பாயிலிருந்து எழுந்திருக்கிறார். அவருக்கு முன்னால் நான் போய்க் கதவைத் திறந்து சொல்லிவிட