மன்னாரில் இருப்பவர்கள்

எங்கள் கந்தோரில் மாவட்டக் கைநூல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கூட்டத்தில் எல்லோரும் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், நான் மட்டும் நிமிர்ந்திருந்ததுதான் குற்றம். “இவருக்குத்தான் வீட்டில வேலை ஒண்டும் இல்லை, இவர் எழுதட்டும்” என்றார் மேலதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் சொன்னது உண்மை என்பதால் கோபம் வர இரண்டு நாள் எடுத்தது.

மன்னார்ப் பட்டினத்துப் பள்ளிமுனையில், தேவாலயத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி என் வீடு. அண்ணன் கனடாவில், தங்கை பிரான்சில். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. எனக்கு ஒரு காலத்தில் கலியாணம் பேசினார்கள். சண்டைக் காலத்தில் அந்தப் பேச்சு எங்கோ நின்றுபோனது. பிறகு யாரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டு முன்கூடத்தில் ஆறு கதிரைகள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் நான் எப்போதும் உட்காருவேன். மற்ற ஐந்தையும் சனிக்கிழமைகளில் தூசி தட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் ஏழெட்டுப் பேர் “எப்பிடி, சுகமோ?” என்பார்கள். “ஓம், சுகம்” என்பேன். அந்தக் கிழமைக்கான பேச்சு அதோடு சரி.

கைநூல் எழுதுவது ஒன்றும் கடினமான காரியமில்லை. எல்லா மாவட்டக் கைநூல்களும் எல்லையில்தான் தொடங்கும். வடக்கே கிளிநொச்சியும் முல்லைத்தீவும், கிழக்கே வவுனியாவும் அனுராதபுரமும், தெற்கே புத்தளம், மேற்கே கடல். பிறகு முத்துக்குளித்த கதை வரும், போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை வரும், பெருக்கு மரம் வரும், கழுதைகள் வரும். எங்கள் கழுதைகளைப் பற்றி எழுதாமல் யாரும் இந்த ஊரைப் பற்றி எழுதிமுடித்ததில்லை. மனிதர்களைப் பற்றிய பகுதி கழுதைக்கு அடுத்ததாக வரும். தீவிலும் கரையோரத்திலும் மீன்பிடி, பெருநிலத்தில் நெற்செய்கை என்று இரண்டு வரியில் அதுவும் முடிந்துவிடும். இந்த இரண்டு வரியை நாலு பக்கமாக்கித் தரச் சொன்னார்கள். அதற்காக ஊர் ஊராகப் போனேன்.

போகப்போக எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. காரணத்தை வெட்கமில்லாமல் சொல்கிறேன். கையில் ஒரு படிவம் இருந்தால் யாருடைய படலையையும் தட்டலாம். எத்தனை பிள்ளைகள், எங்கே பிறந்தீர்கள், யாரோடு இருக்கிறீர்கள் என்று கேட்கலாம். படிவமில்லாமல் அப்படிக் கேட்டால் விசரன் என்பார்கள். படிவத்தோடு கேட்டால் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் தருவார்கள். தாராபுரத்தில் ஒரு வீட்டில் ஒரு மத்தியானம் முழுக்க இருந்திருக்கிறேன். படிவத்தில் கேள்விகள் முடிந்த பிறகு நானாகவே சில கேள்விகளை உண்டாக்கினேன்.

ஊர்களுக்குப் போகிறேன் என்பதால் காணிப் படிவங்களையும் என்னிடமே கட்டிக் கொடுத்தார்கள். இடப்பெயர்வுக்கு முன்பு இந்த மாவட்டத்தில் இருந்து, பிறகு திரும்பி வந்து, கையில் பத்திரம் இல்லாமல் இருப்பவர்களுக்கு அந்த முறை காணி அனுமதிப்பத்திரம் கொடுப்பதாக இருந்தது. வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்களின் பெயர் தனிப் பட்டியலில் போகும். அந்தத் தனிப் பட்டியல் போகிற இடம் எனக்குத் தெரியும். அலுமாரியின் மேல்தட்டு.

அப்படித்தான் வெள்ளாங்குளத்துக்குப் போனேன். மாவட்டத்தின் வடக்கு முனை அது, அதைத் தாண்டினால் கிளிநொச்சி. வயல் அறுத்து முடிந்திருந்தது. குளக்கட்டுக்குக் கீழே கடைசி வளவில் ஓர் அம்மா இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். தகரக் கூரை, மண் சுவர், முற்றத்தில் கூட்டிய ஈர்க்குக் கோடுகள். புருசன் இடம்பெயர்ந்த இடத்திலேயே காய்ச்சலில் செத்துப்போனார். ஒரே மகள் வவுனியாவில் கட்டிக் கொடுத்த இடத்தில் இருக்கிறாள்.

“பத்திரம் கிடைக்காட்டி இந்த வளவு போயிடும் தம்பி” என்றார். வெறுந்தேத்தண்ணியோடு ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்திருந்தார். “பிறகு மகள் வீட்டிலதான் போய் இருக்கோணும். மருமகன் நல்ல பிள்ளை. மாமியும் நல்லவதான். ஆனா அது அவையின்ர வீடு. ராவில ஒருக்கா இருமினாலும் ஆருக்கும் நித்திரை குழம்புமோ எண்டு யோசிக்கோணும். இங்க எண்டா நான் வாய்விட்டு இருமுவன்.”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. எழுத வந்த விசயத்தை விட்டுவிட்டு அவரோடு நெடுநேரம் கதைத்தேன். வெயில் இறங்கும்போதுதான் கடைசி பஸ்ஸின் நினைவு வந்தது. மிச்சக் கேள்விகளை ஓட்டமாகக் கேட்டேன்.

“இடம்பெயர முந்தி மன்னாரிலதானேயம்மா இருந்தனீங்கள்?”

“இல்லைத் தம்பி. மன்னாரில நான் ஒருநாளும் இருக்கேல்லை.”

“பிறந்தது?”

“கிளிநொச்சி ஆசுப்பத்திரியில.”

பிறந்த மாவட்டம் கிளிநொச்சி, முன்பு வசித்த மாவட்டம் கிளிநொச்சி என்று எழுதினேன். காட்டிய இடத்தில் அவர் கையெழுத்து வைத்தார். எழுத்து எழுத்தாகக் கூட்டி, தன் பெயரை அழகாக எழுதினார். எல்லை அடுத்து இருக்கிறதுதானே, அங்கேயிருந்து வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் கைப்பேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அதை நான் எல்லோருக்கும் கொடுப்பேன். யாரும் எடுப்பதில்லை.

அந்த அம்மா எடுத்தார். பட்டியலைக் கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில் ஒட்டிய அன்று, நான் கடையில் சாப்பாட்டுப் பார்சலுக்குக் காத்து நின்றபோது அழைப்பு வந்தது.

“தம்பி, என்னை வெளிமாவட்டம் எண்டு போட்டுக்கிடக்காம். விதானையார் வாசிச்சுச் சொன்னவர். நான் எப்ப தம்பி வெளியில இருந்தனான்?”

“நீங்கள்தானேயம்மா சொன்னனீங்கள், மன்னாரில ஒருநாளும் இருக்கேல்லை எண்டு?”

“ஓம், சொன்னனான். நான் எப்ப மன்னாரில இருந்தனான்? நான் இங்க வெள்ளாங்குளத்திலதானே இருந்தனான்! மன்னாருக்கு நான் வந்ததே நாலைஞ்சு தரம். ஒருக்கா அடையாள அட்டைக்கு வந்தனான், ஒருக்கா கண் காட்ட வந்தனான்…”

கடைக்காரர் பார்சலை நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கவில்லை. பிழை அப்போதுதான் பிடிபட்டது.

பெருநிலத்துச் சனத்துக்கு மன்னார் என்றால் கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியைக் கடந்து தீவுக்குள் வந்தால் இருக்கிற பட்டினம். ஆசுப்பத்திரியும், மாவட்டச் செயலகமான கச்சேரியும் இருக்கிற இடம். காலமை பஸ் ஏறி “மன்னாருக்குப் போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வருகிற இடம். அங்கே யாரும் இருப்பதில்லை, போய்வருவதுதான். தலைமன்னாரில் இருப்பவர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள், தீவிலேயே இருந்துகொண்டு. இது எனக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். ஆனால் முப்பது வருடமாக ஒவ்வொரு கடதாசியின் தலையிலும் ‘மன்னார்’ என்று எழுதி எழுதி, எனக்கு அந்தச் சொல் மாவட்டமாகிவிட்டது. சனம் பேசும் சொல்லைக் காதில் வாங்கி, கந்தோர்ச் சொல்லாகக் கடதாசியில் எழுதிவிட்டேன். என்மேல் எனக்கே வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மற்றவர்களின் கோப்பில் ஒரு கொம்பு விடுபட்டாலும் சிவப்பு மையால் வட்டம் போடுகிற ஆள் நான்.

திருத்த முடியுமா என்று கேட்டேன். பட்டியல் ஒட்டியாயிற்று, இனிக் காணிக் கச்சேரியில்தான் பேசலாம் என்றார்கள். காணிக் கச்சேரி என்பது காணி கேட்பவர்களை நேரில் கூப்பிட்டு விசாரிக்கும் நாள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் காலமை பஸ்ஸில் போனேன். பாலத்தில் காற்று பஸ்ஸை ஆட்டியது. இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை. அதில் என் பையை வைத்திருந்தேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறையச் சனம், எல்லோரும் அக்கம்பக்கத்துப் பெருநிலத்து ஊர்க்காரர். மேசையில் இருந்த காணி அதிகாரி வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. அந்த அம்மா வெளிறிய நீலச் சேலையில், கையில் ஒரு பொலித்தீன் பையோடு முன்வரிசையில் இருந்தார். பெயர் கூப்பிட்டதும் எழும்பினார். நானும் எழும்பிப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது உங்கட கையெழுத்துத்தானே?”

“ஓம்.”

“இது அம்மாவின்ர கையெழுத்துத்தானே?”

“ஓம். ஆனா நான் கேட்ட கேள்வி பிழை ஐயா. மன்னாரோ எண்டு கேட்டனான். இவை மன்னார் எண்டு சொல்லுறது மாவட்டத்தை இல்லை, டவுனை.”

“மாவட்டத்தில இருக்கிற சனத்துக்கு மாவட்டம் எதெண்டு தெரியாதோ?” என்றார். குரலில் சந்தேகம் இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஓர் உத்தியோகத்தன் லீவு போட்டுவிட்டு வந்து ஒருவருக்காகப் பேசினால் நானும் சந்தேகப்படுவேன். “விதானையாரும் இப்ப வந்தவர், பழைய பதிவும் இல்லை. வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்து வைச்ச படிவத்தை நான் எப்பிடி மாத்துறது?”

அம்மா என் முகத்தைப் பார்த்தார். அவர் கையிலிருந்த பொலித்தீன் பை சரசரத்தது.

“ஐயா, நீங்களே இவையைக் கேட்டுப் பாருங்கோ” என்றேன். “மன்னாரில இருக்கிற ஆக்கள் ஆரெண்டு கேளுங்கோ.”

அதிகாரி படிவத்தைக் கீழே வைத்தார். பிறகு ஒலிவாங்கியை இழுத்தார். “இந்த மண்டபத்தில மன்னாரில இருக்கிற ஆக்கள் எல்லாரும் கையை உயர்த்துங்கோ.”

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர், “மன்னாரில இருந்து ஆர் இங்க வரப்போகினம்?” என்று பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் மன்னார் மாவட்டத்தவர்கள், ஒரு கைகூட எழும்பவில்லை. அதிகாரியின் கண் வரிசை வரிசையாகப் போய் எழுதுவினைஞர்களின் மேசையைக் கடந்து என்னில் வந்து நின்றது. கேள்வி எல்லோருக்கும் பொதுவானதுதானே. நான் கையை உயர்த்தினேன்.

மண்டபம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்புத்தான், அதில் கெடுதல் இல்லை. ஆனால் கை மேலே நின்ற அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஓர் ஊர் இருந்தது, அதைச் சொன்னால் திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஆளும் இருந்தது. கையை எப்போது இறக்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. “சரி, இறக்குங்கோ” என்று அதிகாரிதான் சொன்னார்.

அவர் கிளிநொச்சியை ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே மன்னார் என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அம்மாவின் பெயர் முதல் பட்டியலுக்குப் போனது. அவருக்கு நடந்தது முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. “என்னை மன்னார் எண்டு போட்டிட்டார், பரவாயில்லையோ தம்பி?” என்று என் காதுக்குள் கேட்டார். பரவாயில்லை, வளவு உங்களுக்குத்தான் என்றேன். அதைக் கேட்டதும் அழுதார். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமாகவே அழுதார்.

பின்னேரம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவரும் வந்து கூட நின்றார். பொலித்தீன் பையிலிருந்து பனங்கட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் பையில் வைத்தார். பஸ் பிந்தியது. என்னிடம் படிவம் இல்லாததால் எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. அவர்தான் கேட்டார்.

“மன்னாரில உங்களுக்கு ஆர் இருக்கினம் தம்பி?”

முப்பது வருடத்தில் எத்தனை பேரிடம் கேட்ட கேள்வி. என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“நான் இருக்கிறன்” என்றேன்.

பகிடி விட்டதாக அவர் நினைக்கவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தபடி, “ஓம், வேற?” என்றார்.